இடது கையில் கட்டிய பட்டி

அக்கா காலையில் அறையைக் கூட்டும்போது அவள் மகளின், அதாவது என் மருமகளின், படிப்பு மேசைக்கு அடியில் தலைமயிர் கிடக்கும். சீப்பில் சுருண்டு வருகிற மயிர் அல்ல. ஒவ்வொன்றாக, நீளமாக, கதிரையின் இடது பக்கத்தில் மட்டும் கிடக்கும். அந்த இடது பக்கத்தை நாங்கள் எல்லோரும் மாதக்கணக்காகப் பார்த்திருக்கிறோம். அது என்ன சொல்கிறது என்று யோசிக்கவில்லை. அதற்கான விலையை இந்தப் பதிவின் நடுவில் சொல்கிறேன்.

மருமகளுக்கு வயது 17, உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறாள். வீடு மட்டக்களப்பில், கல்லடியில். நான் கைத்தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிறேன். தன் தலைமயிரைத் தானே பிடுங்கும் பழக்கத்தை அவள் கட்டுப்படுத்த உதவும் ஒரு கைப்பட்டி செய்தேன். கை தலைக்குப் போனால் அது மெல்ல அதிரும். இங்கே எழுதுவதை முழுக்க அவள் வாசித்து, இரண்டு இடங்களை வெட்டச் சொல்லி, மிச்சத்துக்குச் சம்மதம் தந்திருக்கிறாள்.

முதலில் வீட்டில் நடந்ததைச் சொல்ல வேண்டும். உச்சியில் ஒரு ரூபாய்க் குற்றி அளவுக்கு வழுக்கை தெரிந்தபோது பொடுகு என்றார்கள். பிறகு புழுவெட்டு என்றார்கள். எண்ணெய் காய்ச்சினார்கள், கண்ணூறு கழித்தார்கள், மொட்டையடித்தால் அடர்த்தியாக வளரும் என்று ஒரு பெரியம்மா சொன்னார். கடைசியில் தோல் வைத்தியரிடம் போனோம். அவர் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, புழுவெட்டு விழுந்த இடம் மழமழவென்று இருக்கும், இங்கே கட்டையும் நெட்டையுமாக முறிந்த மயிர் நிற்கிறது என்றார். அக்காவை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுப் பிள்ளையிடம் தனியாகப் பேசினார். வெளியே வந்தவள் அழுதுகொண்டே, "நானேதான் பிடுங்குகிறேன், அம்மா. நிறுத்த முடியவில்லை" என்றாள். வேறு யாரிடமும் சொல்ல முடியாமல் இரண்டு வருடம் அதை உள்ளே வைத்திருந்திருக்கிறாள்.

மனநல வைத்தியர்தான் பெயரைச் சொன்னார்: டிரைக்கோட்டிலோமேனியா. மயிர், பிடுங்குதல், பித்து என்ற மூன்று கிரேக்கச் சொற்களிலிருந்து 1889இல் அலோப்போ என்ற பிரெஞ்சுத் தோல் வைத்தியர் வைத்த பெயர். நூறு பேரில் ஒருவருக்கோ இருவருக்கோ இருக்கக்கூடியது என்றும் சொன்னார். அந்தக் கணக்கைக் கேட்டதும் அவள் முகம் மாறியதை நான் பார்த்தேன். அவள் படிக்கிற பாடசாலையில் ஆயிரம் பிள்ளைகள் இருந்தால் குறைந்தது பத்துப் பேர். அந்தப் பத்துப் பேரும் தாங்கள் மட்டும்தான் இப்படி என்று நினைத்துக்கொண்டு கொண்டையை ஒரு பக்கமாகச் சரித்துக் கட்டிக்கொண்டிருப்பார்கள். பிடுங்கிய மயிரை வாயில் வைக்கிறாளா என்பதையும் வைத்தியர் பக்குவமாகக் கேட்டார். விழுங்கினால் வயிற்றில் கட்டியாகத் திரண்டு சத்திரசிகிச்சை வரைக்கும் போகும். நல்லவேளை, அது இல்லை. உங்கள் வீட்டில் இப்படி ஒருவர் இருந்தால் இதைத் தவறாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

சிகிச்சைக்கு உளவளத்துணையாளர் ஒருவரிடம் அனுப்பினார்கள். பழக்கத்தை மாற்றும் பயிற்சி. அஸ்ரின், நன் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் 1973இல் வகுத்தது. முதல் படி, கை எப்போது போகிறது என்பதை அறிவது. இரண்டாவது, போகிற கைக்கு வேறொரு வேலை கொடுப்பது. மூன்றாவது, வீட்டிலுள்ளவர்கள் ஏசாமல் துணை நிற்பது. கேட்க எளிது. ஆனால் முதல் படியிலேயே சறுக்கியது. ஒரு கொப்பியில் நேரத்தைக் குறித்துவரச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கொப்பி வெறுமையாக இருந்தது. மேசைக்கு அடியில் மட்டும் மயிர் கிடந்தது.

"தெரிந்தால்தானே எழுதுவேன், மாமா. பக்கத்தைப் புரட்டிவிட்டுக் கீழே பார்த்தால் கிடக்கிறது" என்றாள்.

இதில் இரண்டு வகை உண்டு என்று உளவளத்துணையாளர் பிறகு விளக்கினார். மனம் நெருக்குண்டு, தெரிந்தே பிடுங்குவது ஒன்று. புத்தகத்திலோ தொலைக்காட்சியிலோ மனம் இருக்கும்போது கை தன்பாட்டில் போவது மற்றது. பலருக்கு இரண்டும் கலந்திருக்கும். இவளுக்குப் பெரும்பகுதி இரண்டாவது. கை தன்பாட்டில் போகிறது என்று கேட்டபோதுதான் எனக்குப் பொறி தட்டியது. கைத்தொலைபேசியைச் சரித்தால் திரை திரும்புகிறதே, அதைச் செய்யும் சில்லைக் கையில் கட்டினால், அதற்குக் கை எந்தப் பக்கம் நிமிர்ந்திருக்கிறது என்பது தெரியும். மனம் அறியாததை அது அறிந்து சொல்லட்டும்.

தேடிப் பார்த்தால் இது புதிய யோசனை அல்ல. மணிக்கட்டில் ஒரு பகுதியும் சட்டைக் கழுத்தில் ஒரு பகுதியும் பொருத்தி, கை தலையை நெருங்கினால் ஒலி எழுப்பும் கருவியை ராப், மில்டன்பெர்கர், லாங் ஆகியோர் 1998இலேயே சோதித்து எழுதியிருக்கிறார்கள். அமெரிக்காவில் ஹாபிட்அவேர் என்ற நிறுவனம் கீன் என்ற கைப்பட்டியை விற்கிறது. டைம் சஞ்சிகை 2018இன் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான அனீலா இத்னானிக்கே இந்தப் பழக்கம் இருந்தது. அதை வாசித்துக் காட்டியபோது மருமகள் அவருடைய படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வாங்கக் கூடியவர்கள் வாங்கலாம். எனக்கு அவளுடைய கைக்கு அளவாக, அவள் சொல்கிறபடி மாற்றக்கூடியதாக ஒன்று வேண்டியிருந்தது. பிடுங்கினால் மின்னதிர்ச்சி கொடுக்கும் பட்டிகளும் உலகத்தில் உண்டு. ஏற்கெனவே தன்னைத் தானே வெறுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு இன்னும் ஒரு அடியா? அந்தப் பக்கமே நான் போகவில்லை.

முதல் பட்டியைக் கடையில் கிடந்த சாமான்களைக் கொண்டே செய்தேன். ஈஎஸ்பி32 என்ற சிறு கணினிப் பலகை ஒன்று, கையின் சரிவை அளக்க எம்பியு6050 சில்லு, 150 மில்லியாம்பியர்மணி லித்தியம் பற்றரி, அதை மின்னேற்ற டிபி4056 பலகை. அதிர்வுக்கு, செத்த கைத்தொலைபேசி ஒன்றிலிருந்து கழற்றிய நாணய வடிவ மோட்டர். மோட்டரை நேரே பலகையின் காலில் கொடுக்கக் கூடாது. அது கேட்கிற மின்னோட்டத்தைக் கால் தாங்காது. நடுவில் மின்னோட்டத்தைத் திறந்து மூட எஸ்8050 டிரான்சிஸ்டர், அதன் அடிமுனைக்கு ஒரு கிலோஓம் தடை, மோட்டருக்குக் குறுக்கே 1என்4148 டயோட்.

இரண்டு பழுதுகள் வந்தன. மோட்டர் அதிர்ந்ததும் பலகை செத்துப்போய் மீண்டும் உயிர்பெறும். அதுவரை எண்ணியது எல்லாம் போய்விடும். கணினியில் இணைத்துப் பார்த்தபோது மின்னழுத்தம் தாழ்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. மோட்டர் சுழலத் தொடங்கும் கணத்தில் ஒரேயடியாக இழுக்கிறது, சிறு பற்றரியால் ஈடுகொடுக்க முடியவில்லை. பற்றரிக்குக் குறுக்கே 100 மைக்ரோஃபராட் கொள்ளளவி ஒன்று போட்டதும் நின்றுவிட்டது.

மற்றது ஆபத்தானது, அதனால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். மின்னேற்றும்போது பற்றரி சுட்டது. டிபி4056 பலகை வரும்போதே 1 ஆம்பியர் கொடுக்கும்படி அமைத்திருப்பார்கள். பெரிய பற்றரிக்கு அது சரி. 150 மில்லியாம்பியர்மணிப் பற்றரி ஒரு மணி நேரத்தில் நிறையத் தேவையானதைப் போல அது ஏறத்தாழ ஏழு மடங்கு. அந்த அளவைத் தீர்மானிப்பது சில்லின் இரண்டாம் காலில் இருக்கும் கடுகளவுத் தடை. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அதன் முதுகில் 122 என்று எழுதியிருக்கும், அதாவது 1.2 கிலோஓம். இரு முனையிலும் ஈயத்தை உருக்கி அதை எடுத்துவிட்டு, 103 என்று எழுதிய 10 கிலோஓம் தடையை வைத்தேன். மின்னோட்டம் 130 மில்லியாம்பியருக்கு இறங்கியது. பிறகு பற்றரியை மூன்று தடவை முழுதாக மின்னேற்றி, பக்கத்திலேயே இருந்து தொட்டுத் தொட்டுப் பார்த்தேன், சூடு இல்லை. அதன் பிறகுதான் பிள்ளையின் கையில் கட்டினேன். சுட்ட பழைய பற்றரியை மறுபடி பாவிக்கவில்லை. மணிக்கட்டில் கட்டுகிற எதைச் செய்தாலும் இந்தத் தடையைப் பார்க்காமல் செய்யாதீர்கள்.

கட்டினேன் என்றேனே, வலது கையில் கட்டினேன். அவள் வலது கைக்காரி. வேறு எந்தக் கையால் பிடுங்குவாள் என்று நினைத்தேன். நான்கு நாள் பட்டி ஓயாமல் அதிர்ந்தது. பிட்டுச் சாப்பிடும்போது அதிர்ந்தது, திருநீறு பூசும்போது அதிர்ந்தது, பல் துலக்கும்போது அதிர்ந்தது. படிக்கும்போது மட்டும் அமைதியாக இருந்தது. ஆனால் காலையில் மேசைக்கு அடியில் மயிர்.

ஐந்தாம் நாள் மாலை, அவளிடம் சொல்லிவிட்டு, அறை வாசலில் இருந்து பார்த்தேன். வலது கை பேனையைப் பிடித்து எழுதிக்கொண்டிருந்தது. இடது முழங்கை மேசையில் ஊன்றியிருந்தது. முதலில் உள்ளங்கை கன்னத்தைத் தாங்கியது. சில நிமிடங்களில் விரல்கள் காதுக்கு மேலே ஏறின. உச்சியை அடைந்து, ஒவ்வொரு மயிராகத் தடவி, முரடான ஒன்றைத் தேடின. கண் புத்தகத்தை விட்டு அசையவே இல்லை. கதிரையின் இடது பக்கத்தில் ஒன்று விழுந்தது.

பட்டி இடது கைக்கு மாறியது. சாப்பாட்டுத் தொந்தரவு அப்படியே ஒழிந்தது, நம் ஊரில் இடது கை வாய்க்குப் போவதில்லையே.

இனி, எந்த நிலையைப் பட்டி கண்டுபிடிக்க வேண்டும் என்பதை அவளே கற்பித்தாள். கையைத் தலையில் வைத்துப் பட்டியின் பொத்தானை அழுத்தினால், புவியீர்ப்பு அந்த நிலையில் எந்தத் திசையில் விழுகிறது என்பதை அது சேமித்துக்கொள்ளும். பிறகு ஒரு வினாடிக்கு 25 தடவை கையின் திசையை அளந்து, சேமித்ததோடு ஒப்பிடும். இரண்டு திசைகளுக்கும் இடையில் 18 பாகைக்குள் வந்து, இரண்டு வினாடி அப்படியே நின்றால் அதிரும். உச்சி, வலப்பக்கம், பிடரி என்று மூன்று நிலைகளைச் சேமித்தோம்.

சிக்கல் என்னவென்றால், கன்னத்தில் கை வைத்தாலும் முன்கை ஏறத்தாழ அதே சரிவில்தான் நிற்கிறது. அந்தச் சில்லுக்குச் சரிவு தெரியும். விரல் தொடுவது கன்னமா தலையா என்பது தெரியாது. நியூயார்க்கில் உள்ள சைல்ட் மைண்ட் இன்ஸ்டிட்யூட் ஆய்வாளர்கள் டிங்கிள் என்ற கைப்பட்டியில் வெப்ப உணரிகளையும் சேர்த்து, அவை கை இருக்கும் இடத்தைப் பிரித்தறிய உதவுகின்றன என்று 2019இல் வெளியிட்டிருக்கிறார்கள். நானும் தொடாமலே வெப்பத்தை அளக்கும் எம்எல்எக்ஸ்90614 உணரி ஒன்றை வாங்கிப் பொருத்தினேன். வெக்கையான கச்சான் காற்று அடிக்கிற காலம். அறைச் சுவரும் கதவும் 33 பாகை காட்டின, அவள் நெற்றி 34 காட்டியது. குளிர்ந்த நாட்டில் சுவருக்கும் முகத்துக்கும் உள்ள பெரிய இடைவெளி எங்கள் வைகாசியில் கிடையாது. உணரியைக் கழற்றி வைத்தேன். மாரியில் மறுபடி பார்க்கலாம்.

நான் கன்னத்து அதிர்வை எப்படி ஒழிப்பது என்று இரவெல்லாம் எண்களை மாற்றிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவள் கடைக்கு வந்து, "மாமா, அதை எடுத்துவிடாதீர்கள்" என்றாள். "கன்னத்தில் கை வைத்த பிறகுதான் எப்போதும் மேலே போகிறது. அங்கேயே சொன்னால் கையை எடுப்பது சுகம். தலையில் விரல் பட்ட பிறகு சொன்னால், ஒன்றாவது பிடுங்கவேண்டும் போல இருக்கிறது." நான் பிழை என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது அவளுக்கு முன்னறிவிப்பாக இருந்திருக்கிறது. கன்னத்தையும் நான்காம் நிலையாகச் சேமித்தோம். அதற்கு ஒரு சிறு அதிர்வு, தலைக்கு இரண்டு.

பட்டியோடு சேர்ந்து இயங்க அவளுடைய கைத்தொலைபேசிக்கு ஒரு செயலியை, எம்ஐடி ஆப் இன்வென்டர் என்ற செயலி உருவாக்கும் கருவியில், தமிழிலேயே அமைத்தேன். பட்டி அதிர்ந்ததும் நேரம் பதிவாகும். அவள் விரும்பினால் அப்போது என்ன செய்துகொண்டிருந்தாள் என்று ஒரு பொத்தானை அழுத்தலாம்: படிப்பு, கைத்தொலைபேசி, படுக்கை, கவலை. இந்தச் செயலியில் நான் செய்த ஒரு பிழையைச் சொல்லத்தான் வேண்டும். முதல் திரையில் அன்றைய எண்ணிக்கையைப் பெரிய எழுத்தில் போட்டிருந்தேன். கடைக்காரன் புத்தி, எண்ணைப் பார்த்தால் குறைக்கத் தோன்றும் என்று நினைத்தேன். ஒரு நாள் இரவு 41 என்று காட்டியது. அவள் கைத்தொலைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் படுத்துவிட்டாள் என்று அக்கா சொன்னாள். அந்த 41 அவளைப் பொறுத்தவரை 41 தோல்வி. உண்மையில் 41 தடவை கையை இடைமறித்திருக்கிறாள், அதில் பெரும்பாலான தடவை ஒரு மயிரும் போகவில்லை. எண்ணை முதல் திரையிலிருந்து எடுத்தேன்.

அடுத்த பிழை அதைவிடப் பெரியது. பற்றரி மாற்றக் கைத்தொலைபேசியைத் தந்திருந்தபோது, அவளைக் கேட்காமல் பதிவுகளைத் திறந்து பார்த்தேன். பார்த்ததோடு நிற்காமல், "ஞாயிறு இரவுகளில்தானே கூட, ஏன் மகள்?" என்று கேட்டும்விட்டேன். திங்கட்கிழமை ரியூஷன் பரீட்சை என்பதை நான் கண்டுபிடித்த பெருமை எனக்கு. அவள் ஒன்றும் பேசவில்லை. பட்டியைக் கழற்றி மேசையில் வைத்தாள். ஒன்பது நாள் அதைத் தொடவில்லை. அம்மாவும் மாமாவும் தலையைத் தடவிப் பார்ப்பதும், கையைத் தட்டிவிடுவதும், மேசைக்கு அடியில் குனிந்து பார்ப்பதும் அவளுக்கு ஏற்கெனவே எவ்வளவு பாரமாக இருந்தன என்று அந்த ஒன்பது நாளில்தான் உணர்ந்தேன். நான் செய்தது அதையே இன்னொரு விதமாக. மன்னிப்புக் கேட்டேன். செயலிக்குக் கடவுச்சொல் வைத்துக் கொடுத்தேன், அதை அவள் மட்டும் அறிவாள். பதிவுகள் கைத்தொலைபேசியை விட்டு எங்கும் போகாது. உளவளத்துணையாளரிடம் காட்டுவதும் காட்டாததும் அவள் இஷ்டம்.

அதிர்ந்த பிறகு கை என்ன செய்யவேண்டும் என்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது. பட்டி அந்த வேலையைச் செய்யாது. கையை இறுக மூடி ஒரு நிமிடம் வைத்திருக்கும்படி முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். வகுப்பில் அது உதவியது, வீட்டில் போதவில்லை. விரலுக்கு அந்த முரடும், இழுக்கும்போது வருகிற சிறு பிடிப்பும், விடுபடுகிற கணமும் வேண்டியிருந்தன. ஒரு நாள் கிணற்றடியில் கிடந்த தேங்காய் மட்டையில் அவளாகவே கை வைத்தாள். தும்பு ஒவ்வொன்றாக உருவிவரும். மெல்லியதும் தடித்ததும் இருக்கும். கொஞ்சம் தாக்குப்பிடித்துப் பிறகு வரும். உள்ளங்கை அளவு மட்டைத் துண்டு ஒன்று இப்போது மேசையின் இடது பக்கத்தில் இருக்கிறது. கூட்டும்போது கதிரைக்கு இடப்பக்கம் தும்பு கிடக்கிறது. அக்கா அதைப் பற்றி ஒரு சொல்லும் சொல்வதில்லை. அக்காவின் பங்கு அதுதான், அது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும்.

இரண்டாம் பட்டியைச் சீட் நிறுவனத்தின் சியாவோ என்ஆர்எஃப்52840 சென்ஸ் பலகையில் செய்தேன். தபால் முத்திரையைவிடச் சிறியது. சரிவை அளக்கும் சில்லும், புளூடூத்தும், மின்னேற்றும் பகுதியும் அதிலேயே இருக்கின்றன. ஈஎஸ்பி32 அதே பற்றரியில் இரண்டு மணி நேரம்கூட நிற்கவில்லை. இது காலையில் கட்டினால் மறுநாள் காலை வரை ஓடுகிறது.

ரியூஷனில் ஒரு சங்கடம் வந்தது. மணிக்கட்டு மரமேசையில் படும்போது அதிர்வு மேசை முழுக்க உறுமும். முன் வாங்கில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்களாம். மோட்டருக்கு அடியில் சைக்கிள் ரியூப் துண்டு வைத்து, அதிர்வின் நீளத்தைப் பாதியாகக் குறைத்தேன். றப்பர் வாரில் வியர்த்து அரிப்பு வந்தது. மருதமுனைக் கைத்தறித் துணியில் அக்கா வார் தைத்துக் கொடுத்தாள், இரண்டு வார். ஒன்று தோய்த்துக் காயும்போது மற்றது கையில். பார்க்கிறவர்கள் கைவளையல் என்றே நினைக்கிறார்கள்.

கண்ணகி அம்மன் குளிர்த்தித் திருவிழாவுக்கு அவள் போனாள். அதற்கு முந்திய வருடம், மொட்டை நேர்த்தியா என்று யாரோ கேட்டுவிடுவார்கள் என்று பயந்து வீட்டிலேயே இருந்தவள். தலைவாரிப் பூ வைக்கும்போது பட்டி விடாமல் அதிர்ந்தது. கழற்றி என்னிடம் தந்துவிட்டுப் போய், திரும்பி வந்ததும் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

இப்போது உச்சியில் விரற்கணு அளவுக்கு முடி வளர்ந்து நிற்கிறது. பிடுங்குவது முற்றாக நிற்கவில்லை. பரீட்சை நெருங்கினால் கூடுகிறது, அப்போது உளவளத்துணையாளரிடம் போவதும் கூடுகிறது. பக்கத்தில் போக இடமில்லாதவர்கள் 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு அழைக்கலாம்.

போன வாரம் கடைக்கு வந்து, "மாமா, இது நான்கு நாளாகப் பேசவில்லை" என்று பட்டியை வைத்தாள். அந்த நான்கு நாளும் மேசைக்கு அடியில் கொஞ்சம் மயிர் விழுந்ததாக அவளே சொன்னாள். திறந்து பார்த்தேன். பலகைக்குப் பழுதில்லை. மோட்டரின் கம்பி ஈயத்தோடு சேரும் இடம் பச்சை பிடித்து அற்றுப்போயிருந்தது. வியர்வையும் எங்கள் கடற்காற்றின் உப்பும். வேறொரு மோட்டரை வைத்துப் பற்றவைத்தேன். இணைப்பின் மேல் பூசத் தெளிந்த நகப்பூச்சு வேண்டும் என்றதும் அவள் பையிலிருந்து ஒன்றை எடுத்து, தானே இரண்டு பூச்சுப் பூசினாள். காய்வதற்குப் பத்து நிமிடம் ஆகும் என்றேன். மேசையில் கிடந்த பழைய கைத்தொலைபேசி ஒன்றின் திருகுகளை இடது கையால் உருட்டிக்கொண்டே காத்திருந்தாள்.